தூங்குகிற தாடைக்கு யார் சொல்வது? - பல் கடித்தலும் ஹிப்னாடிசமும்

குழந்தை தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் நம் வீடுகளில் முதலில் வரும் தீர்ப்பு "வயித்துல பூச்சி இருக்கு" என்பதுதான். மறுநாள் காலையில் பூச்சி மருந்து. அதுவே பெரியவர் கடித்தால் தீர்ப்பு மாறிவிடும். "மனசுல எதையோ வெச்சிக்கிட்டு குமையுறார்" என்பார்கள்.

பூச்சிக்கும் பல் கடித்தலுக்கும் உறுதியான தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அந்த இரண்டாவது தீர்ப்பு இருக்கிறதே, அதை ஏற்பதா தள்ளுவதா என்று மருத்துவ உலகம் நூறு வருடங்களுக்கும் மேலாக வாதாடி வந்திருக்கிறது. தமிழில் இந்தத் தொடர்பு பேச்சிலேயே ஊறிப்போன ஒன்று. கஷ்டத்தைத் தாங்குபவர் "பல்லைக் கடித்துக்கொண்டு" இருக்கிறார். கோபக்காரர் பல்லை நறநறக்கிறார். தமிழ் பைபிளில் வேதனையைக் குறிக்க "பற்கடிப்பு" என்று ஒரு சொல்லே இருக்கிறது. மனம் இறுகினால் தாடையும் இறுகும் என்பது மொழிக்குத் தெரிந்திருந்தது. தூங்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பல்லின் மேல் இருக்கும் எனாமல் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் தேய்ந்தால் திரும்ப வளராது. விழித்திருக்கும்போது ஒருவர் வேண்டுமென்றே முழு பலத்தோடு கடித்தாலும் வராத விசை, சிலருக்குத் தூக்கத்தில் வருகிறது. அடைத்த பல் உடையும், கேப் விரியும், காலையில் எழும்போது கன்னமும் பொட்டும் வலிக்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தூக்கம் போகும்!

தூக்கத்தில் அரைப்பது ஒரு வகை. பகலில், வேலை மும்முரத்தில், தன்னை அறியாமல் பல்லோடு பல் சேர்த்து இறுக்கிக்கொண்டிருப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் பின்னால் மிகவும் முக்கியமாகிவிடும்.

காந்தத்திலிருந்து கற்பனைக்கு

ஹிப்னாடிசத்தின் கதை ஒரு தவறான விளக்கத்தில்தான் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஃப்ரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் என்ற மருத்துவர், எல்லா உயிர்களின் உடலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அது தடைப்படுவதால்தான் நோய் வருகிறது என்றார். 1778ல் பாரிஸ் போன அவருக்கு அங்கே பெரிய கூட்டம் சேர்ந்தது. 1784ல் பிரெஞ்சு அரசர் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். குழுவில் இருந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியல் மேதை லவாய்சியர், வானியலாளர் பெய்லி, மருத்துவர் கில்லட்டின்.

அவர்கள் செய்த சோதனைகளில் ஒன்று மிக எளிமையானது. ஃபிராங்க்ளின் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்தை மட்டும் "காந்தமேற்றினார்கள்". 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாக அழைத்துப் போனார்கள். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். ஆனால் அது காந்தமேற்றிய மரமே அல்ல! திரவம் எதுவும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு அறிக்கை கொடுத்தது.

அறிக்கை சரிதான். ஆனால் அந்தக் காலத்தில் பெரும்பாலோர் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. வெறும் கற்பனை ஒரு சிறுவனை மயங்கி விழ வைக்கும் என்றால் அந்தக் கற்பனையின் சக்தி எவ்வளவு?

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் இந்தியர் என்றால் வியப்பாக இருக்கும். கோவாவில் காந்தோலிம் என்ற ஊரில் 1756ல் பிறந்த பாதிரியார் ஜோஸே குஸ்தோதியோ தெ ஃபாரியா. அபே ஃபாரியா என்றுதான் உலகம் அவரை அறியும். 1813ல் பாரிஸில் பொதுமக்கள் முன்னால் செய்து காட்டத் தொடங்கினார். காந்தக் கோல் கிடையாது, தொட்டி கிடையாது. எதிரில் இருப்பவரை அமைதியாக உட்கார வைத்து, "தூங்கு" என்று உத்தரவிடுவார். அவ்வளவுதான். இது எதுவும் என்னிடமிருந்து புறப்படுவதில்லை, தூங்குபவரின் மனதிலேயே நடக்கிறது என்பது அவருடைய கட்சி. இன்றைய ஹிப்னாடிசத்தின் அடிப்படையே இதுதான். ஆனால் பாரிஸ் அவரைக் கேலி செய்தது. 1819ல் அவர் இறந்தார். பிறகு அலெக்சாண்டர் டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' நாவலில் சிறையில் இருக்கும் பாதிரியாருக்கு அவர் பெயர் கிடைத்தது. பஞ்சிமில் அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. ஒரு பெண் மயக்கத்தில் சாய்ந்திருக்க, அவள் மேல் கைகளை விரித்தபடி ஃபாரியா நிற்பார். கோவா போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் அதையும் பார்க்கலாம்.

ஹிப்னாடிசம் என்ற பெயருக்குக் காரணமானவர் மான்செஸ்டரில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் பிரெய்ட். 1843ல் வந்த அவருடைய நூல்தான் 'ஹிப்னோஸ்' என்ற கிரேக்கத் தூக்க தெய்வத்தின் பெயரை இந்தக் கலையோடு ஒட்டவைத்தது. சில வருடங்களிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது தூக்கமே அல்ல, ஒரே எண்ணத்தில் மனம் முழுதாகக் குவிந்திருக்கும் விழிப்பு என்று கண்டு பெயரை மாற்றப் பார்த்தார். முடியவில்லை, பழைய பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் சிலர் இதற்கு "அறிதுயில்" என்று எழுதுகிறார்கள். பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் உறக்கத்தைக் குறிக்கும் பழைய சொல் அது. அறிவு விழித்திருக்கும் உறக்கம். பிரெய்ட் தேடிய சொல் இதுவாகத்தான் இருந்திருக்கும்!

பல் மருத்துவர்கள் கொடுத்த அடி

ஹிப்னாடிசமும் பல் மருத்துவமும் சந்தித்தது முதலில் வலியைப் பொறுத்துத்தான். ஊதே என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் மெஸ்மரிச மயக்கத்தில் இருந்த நோயாளிக்குப் பல் பிடுங்கிய செய்தி 1837ல் பாரிஸ் மருத்துவ அகாடமியில் பெரும் சண்டையைக் கிளப்பியது. மயக்க மருந்தே இல்லாத காலம் அது. வலிக்காமல் பல் எடுத்தார் என்றால் யார் நம்புவார்கள்? சில ஆண்டுகளில் அகாடமி இந்த விஷயத்தை இனிமேல் விவாதிக்கவே போவதில்லை என்று கதவைச் சாத்திவிட்டது.

அடுத்த காட்சி வங்காளத்தில். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், 1845 ஏப்ரலில் ஹூக்ளியில் ஒரு கைதிக்கு விரைவீக்க அறுவை சிகிச்சையை மெஸ்மரிசத்தின் உதவியோடு செய்தார். தொடர்ந்து ஏராளமான அறுவைகள். 1846ல் அரசாங்கம் ஒரு குழு போட்டுப் பார்த்துவிட்டு, கல்கத்தாவில் அவருக்கு ஒரு மருத்துவமனையையே கொடுத்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயாளியின் மேல் மணிக்கணக்காகக் கையை அசைத்து மயக்கத்தை வரவழைக்கும் களைப்பான வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் எஸ்டெய்லிடம் பயிற்சி பெற்ற உள்ளூர் உதவியாளர்கள். சோதிக்கப்பட்டவர்கள் கைதிகளும் ஏழைகளும். வரலாற்றில் நின்றது எஸ்டெய்லின் பெயர்.

அதே 1846 அக்டோபர் 16ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கிக் காட்டினார் வில்லியம் மார்ட்டன். அவர் ஒரு பல் மருத்துவர். அவருக்கு முன்பே 1844ல் சிரிப்பூட்டும் வாயுவைப் பயன்படுத்திப் பல் பிடுங்கிய ஹொரேஸ் வெல்ஸும் பல் மருத்துவர்தான். மணிக்கணக்கில் கையை அசைப்பது எங்கே, சில நிமிடங்களில் மயக்கும் ஈதர் எங்கே! எஸ்டெய்ல் 1851ல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். ஹிப்னாடிசம் அறுவை அறையிலிருந்து மேடை வித்தைக்காரர்களின் கைக்குப் போனது.

ராவப்பட்ட பற்கள்

பல் கடித்தலை ஒரு தனி நோயாகப் பார்க்கத் தொடங்கியதே 20ஆம் நூற்றாண்டில்தான். 1901ல் வியன்னாவின் கரோலி, ஈறு நோய்க்கு இரவில் பல் இறுக்குவது ஒரு காரணம் என்றார். 1907ல் மரீ, பியட்கீவிச் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'ப்ரக்ஸோமேனி' என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே 'மேனியா' இருப்பதைப் பாருங்கள். அவர்கள் இதை நரம்பு, மூளை சம்பந்தப்பட்டதாகவே பார்த்தார்கள். 1931ல் ஃப்ரோமன் என்பவர் 'ப்ரக்ஸிசம்' என்று எழுதினார். அந்தப் பெயர்தான் இன்றுவரை.

ஆனால் பல் மருத்துவர்கள் பல்லைத்தானே பார்ப்பார்கள்? மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தாததே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற கருத்து மெல்ல வலுத்தது. 1934ல் அமெரிக்காவின் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், பல் இழந்து தாடை தாழ்ந்துபோவதால்தான் காதுவலியும் தலைவலியும் வருகின்றன என்று எழுதியது இதற்கு உரமிட்டது. 1961ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராம்ஃப்யோர்ட், தசைகளின் மின்துடிப்பைப் பதிவு செய்து, கடிபொருத்தத்தைச் சரிசெய்தால் பல் கடித்தல் நின்றுவிடும் என்ற முடிவுக்கு வந்தார். அவர் பெரிய ஆய்வாளர், சொன்னால் எடுபடும்.

விளைவு என்ன? "உயரமாக" இருக்கும் பல்லின் மேடுகளை ராவி எடுப்பது வழக்கமான சிகிச்சையானது. சொத்தை இல்லாத, வலி இல்லாத நல்ல பற்களையும் ராவினார்கள். தேய்மானத்தைத் தடுப்பதற்காக, திரும்ப வளராத அதே எனாமலை மருத்துவரே தேய்த்தார் என்பதுதான் இதில் வேதனை. ராவிய பிறகும் நிற்காவிட்டால்? இன்னும் கொஞ்சம் ராவுவது. இல்லையென்றால் வாய் முழுக்க கேப்.

1984ல் வெளியான ஒரு ஆய்வு இந்த நம்பிக்கையை நேரடியாகச் சோதித்தது. தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே உயரம் கூடிய கேப் வைத்து, இரவில் தாடைத் தசையை அளந்தார்கள். கடிபொருத்தம்தான் காரணம் என்றால் பல் கடித்தல் கூடியிருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தது! அதோடு அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. ஆனாலும் ராவும் பழக்கம் உடனே நின்றுவிடவில்லை. கையில் இருக்கும் அரத்தைக் கீழே வைப்பது அவ்வளவு சுலபமல்ல போலும்.

திரும்பி வந்த ஹிப்னாடிசம்

இந்தச் சூழலில்தான் ஹிப்னாடிசம் மீண்டும் பல் மருத்துவரின் நாற்காலிக்கு வருகிறது. 1955ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும் 1958ல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் இதற்கு மருத்துவத்தில் இடமுண்டு, பயிற்சி பெற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று அறிக்கை கொடுத்தன. 1961ல் மில்டன் எரிக்சன் வேறு இருவரோடு சேர்ந்து மருத்துவ, பல் மருத்துவ ஹிப்னாடிசம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கூட எழுதியவர்களில் இர்விங் செக்டர் சிகாகோவின் பல் மருத்துவர். ஊசிக்குப் பயப்படுபவர்கள், குமட்டல் வருபவர்கள், பல்லை இறுக்குபவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும் என்ற நம்பிக்கை பரவியது.

சிகிச்சை முறையில் மாயமந்திரம் எதுவும் கிடையாது. வசதியாக உட்கார வைத்து, ஒரு புள்ளியைப் பார்க்கவோ மூச்சைக் கவனிக்கவோ சொல்வார்கள். நெற்றி, கண், கன்னம், தாடை என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொல்வார்கள். பிறகு யோசனைகள். உதடுகள் சேர்ந்திருக்கும், பற்கள் பிரிந்திருக்கும். தூக்கத்தில் பல்லோடு பல் உரசினால் தாடை தானாகத் தளரும். இப்படி. உண்மையில் தாடையின் இயல்பான ஓய்வு நிலையே அதுதான். சும்மா இருக்கும்போது மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். (இதைப் படிக்கும்போது உங்கள் பற்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) இதையே படுக்கும் முன் தினமும் தானே செய்துகொள்ளவும் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு காலத்தில் கேசட்டில் பதிந்து கொடுத்தார்கள்.

பலன் இருந்ததா? 1991ல் கிளார்க், ரெனால்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சிறிய ஆய்வுதான் இதில் அதிகம் பேசப்படுவது. பல் கடிக்கும் எட்டுப் பேர். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தாடைத் தசையின் இயக்கத்தைக் கருவியால் அளந்தார்கள். இயக்கம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது, முகவலி குறைந்தது. கூடப் படுப்பவர்களைக் கேட்டார்கள், சத்தம் குறைந்திருக்கிறது என்றார்கள். 4 முதல் 36 மாதங்கள் கழித்துக் கேட்டபோதும் நிலைமை நன்றாகவே இருந்தது.

நல்ல சேதிதான். ஆனால் எட்டே பேர்! ஒரு முன்னோட்ட ஆய்வாகச் செய்யப்பட்டது அது. மரத்தடியில் மயங்கி விழுந்த சிறுவனை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். யோசனையின் பலனையும் எதிர்பார்ப்பின் பலனையும் பிரித்துப் பார்க்க ஒப்பீட்டுக் குழு தேவை. பல் கடித்தல் ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் தானாகவே குறையும். கூடியிருக்கும்போதுதான் மக்கள் சிகிச்சைக்கு வருவார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

தூக்க ஆய்வுக்கூடம் சொன்னது

இன்னொரு பக்கம் மான்ட்ரியாலில் ஜில் லவீன் என்பவரின் குழு, ஆட்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்து இரவு முழுக்கப் பதிவு செய்து பார்த்தது. எல்லோருக்கும் இரவில் பலமுறை மூளை சில விநாடிகள் லேசாக விழித்து மீண்டும் தூக்கத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் முதலில் மூளை அலை மாறுகிறது, இதயம் வேகமெடுக்கிறது, அதன் பிறகே தாடைத் தசை இயங்குகிறது, கடைசியில்தான் பல் உரசும் சத்தம். அதாவது பல் கடித்தல் ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. பல் கடிக்காத சாதாரண மனிதர்களிலும் சுமார் 60 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் தாடைத் தசை இப்படி மெல்ல அசைபோடுகிறது என்று 2001ல் அவர்கள் வெளியிட்டார்கள்.

அப்படியானால் "மனசுல எதையோ வெச்சிக்கிட்டு" என்ற தீர்ப்பு? 1995ல் வெளியான ஆய்வொன்றில் 100 பேருக்கு இரவில் தாடைத் தசையை அளந்து, அவர்கள் சொன்ன மன அழுத்தத்தோடு ஒப்பிட்டார்கள். தெளிவான தொடர்பு தெரிந்தது 8 பேருக்குத்தான். மன அழுத்தத்தைவிடச் சில மனச்சோர்வு மாத்திரைகள், மது, புகை, காபி, தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது போன்றவற்றையும் இப்போது பார்க்கச் சொல்கிறார்கள். பகலில் பல் இறுக்குவது வேறு. அதில் கவலைக்கும் பதற்றத்துக்கும் உள்ள பங்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. விழித்திருக்கும் பழக்கம் என்பதால் யோசனை, பயிற்சி, நினைவூட்டல் எல்லாம் போய்ச் சேரவும் அங்கே வழி இருக்கிறது.

வலியிலும் ஹிப்னாடிசத்தின் கை ஓங்கியே இருக்கிறது. 2009ல் டென்மார்க்கில் தாடை மூட்டு, தசை வலி உள்ள 40 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஹிப்னாடிசமும் மற்றதற்கு வெறும் தளர்வுப் பயிற்சியும் கொடுத்தார்கள். பத்துக்கு 4.5 ஆக இருந்த வலி ஹிப்னாடிசக் குழுவில் 2.9 ஆகக் குறைந்தது. தளர்வுக் குழுவில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. இங்கே ஒப்பீட்டுக் குழு இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஊதே 1837ல் சொன்னதற்கும் எஸ்டெய்ல் ஹூக்ளியில் செய்ததற்கும் நெருக்கமானது இதுதான். அவர்களும் வலியைத்தானே குறைத்தார்கள்.

2018ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி எடுத்த முடிவில், மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவரின் பல் கடித்தலை நோய் என்றே சொல்லக்கூடாது, அது தசையின் ஒரு நடவடிக்கை, கேடு விளைவித்தால் மட்டும் கவனிக்க வேண்டியது என்றார்கள். பல் மருத்துவர்கள் இன்று முதலில் கொடுப்பது இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டுதான். அது கடிப்பதை நிறுத்துவதில்லை. பல்லுக்குப் பதிலாகத் தான் தேய்கிறது, தேய்ந்தால் வேறொன்று செய்துகொள்ளலாம். ஹிப்னாடிசத்தை அதோடு சேர்த்து முயன்று பார்ப்பவர்கள் உண்டு. பலிக்காவிட்டாலும் பல் அப்படியே இருக்கும். 1960களில் ராவிக்கொண்டவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.